கிட்டார் ஒன்றை நம்பி டர்பனில் பிழைக்க முடியுமா?

கேள்வி இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஒரு அம்மாவுடையது. மகனுக்கு 23 வயது. துறைமுகத்துப் பக்கம் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் நிரந்தர வேலை. வீட்டுக்கு வந்ததும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை அக்கூஸ்டிக் கிட்டாரை விரலால் மீட்டிக்கொண்டே இருக்கிறான். பாடுவதில்லை, எந்த பேண்டிலும் சேரவில்லை. இப்போது வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக வைத்துக்கொள்ளப் போகிறேன் என்கிறான். "இப்படித் தனியாக ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு யாராவது குடும்பம் நடத்தியிருக்கிறார்களா? என்னிடம் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. நல்ல கிட்டார் வாங்கிக் கொடுக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்.

அக்கா, நடத்தியிருக்கிறார்கள். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நடத்துகிறேன். 28 வருடமாக இந்த ஊரில் கிட்டார் வாசிக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன், மற்றவர்கள் கச்சேரிக்கு சவுண்ட் போடுகிறேன். மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் வாசிப்பு மட்டும் போதும் என்று உட்கார்ந்திருந்தால் வாடகை கட்டியிருக்க முடியாது. (என் தாத்தா டோங்காட்டில் கோயில் தமிழ்ப் பள்ளி வாத்தியார். அவர் விடாப்பிடியாகச் சொல்லிக் கொடுத்ததால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

என் ஆயா (பாட்டி) இந்த ஊர்க் கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தவர். விதைப்பதும் அவர்தான், தண்ணீர் சுமப்பதும் அவர்தான், விடிவதற்குள் கட்டி எடுத்துக்கொண்டு வார்விக் சந்தைக்குப் போய் விற்பதும் அவர்தான். வெண்டைக்காய் விலை போகாத வாரத்தில் கொத்தமல்லி கைகொடுக்கும். மிளகாய் எப்போதும் போகும். தனியாக நிற்கும் கிட்டார்க்காரனின் தொழிலை யாராவது கேட்டால் எனக்கு ஆயாவின் தோட்டம்தான் ஞாபகம் வரும். ரெக்கார்ட் கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. இசையை உண்டாக்குவதும் பதிவு செய்வதும் இடம் பிடிப்பதும் போஸ்டர் ஒட்டுவதும் காசு வாங்குவதும் அவனேதான். இதை உங்கள் மகன் சந்தோஷமாகச் செய்வானா என்பதை முதலில் பாருங்கள். விரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது அதற்கு அடுத்த விஷயம்.

அவன் என்ன வாசிக்கிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டே இருந்தாலும் சில சமயம் பிடிபடாது. சாதாரணமாகக் கிட்டாரை ஒரு சின்னத் தகட்டால் அடித்து வாசிப்பார்கள், பாடுகிறவருக்குத் துணையாக. அவன் வாசிப்பது ஃபிங்கர்ஸ்டைல், தகடு இல்லாமல் விரலால் மீட்டுவது. அதில் கட்டைவிரல் கீழ்ச் சுருதிக் கம்பிகளில் தாளம் தவறாமல் நடந்துகொண்டே இருக்கும். மற்ற விரல்கள் அதே நேரத்தில் மேல் கம்பிகளில் பாட்டை வாசிக்கும். நடுவில் உள்ளங்கை மரப்பெட்டியில் தட்டி மேளமும் சேர்க்கும். பாடகர், தம்பூரா, மிருதங்கம் மூன்றையும் ஒரே ஆள் மடியில் வைத்துக்கொண்டது மாதிரி. பேண்டில் சேராதது அவன் குறையில்லை, இந்தக் கலையே தனியாள் கலை.

தனியாக வெளியிடுவதும் இந்தக் கலையோடு பிறந்த பழக்கம்தான். அமெரிக்காவில் ஜான் ஃபேஹி என்ற கிட்டார்க்காரர் 1959இல் தன் முதல் இசைத்தட்டைத் தன் காசில் 100 பிரதி மட்டும் போட்டார். அதற்காக டக்கோமா என்று சொந்தமாக ஒரு இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கினார், தான் வளர்ந்த ஊரின் பெயரில். பாட்டே இல்லாத, ஸ்டீல் கம்பிக் கிட்டார் மட்டும் இருக்கும் தட்டை எந்தக் கம்பெனி எடுக்கும்? பிற்காலத்தில் இந்த வாசிப்புக்கே அவர் மூல ஊற்று ஆனார். ஆனால் 1990களில் அவர் உடல் கெட்டு, கையில் காசில்லாமல் மலிவு விடுதிகளில் இருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2006இல் கான்ஸஸ் மாநிலத்து ஆண்டி மக்கீயின் வீடியோக்கள் யூடியூபில் பரவின. சின்ன ஊர்க்காரர் ஒருவர் உலகம் சுற்றும் கலைஞர் ஆனார். உங்கள் மகன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தார்கள். அந்தக் கதவு இப்போதும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் வாசலில் லட்சம் பேர் நிற்கிறார்கள்.

அதனால் நான் அவனிடம் கேட்க விரும்பும் முதல் கேள்வி, நீ வாசிப்பதில் டர்பன் எங்கே இருக்கிறது என்பதுதான். இதை ஊர்ப்பற்றுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்கர் மாதிரியே வாசிக்கும் ஆளைக் கேட்க யாரும் இங்கே வரை வர மாட்டார்கள். அந்த மாதிரி ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள். ஆனால் விரலால் கிட்டார் வாசிக்கும் உலகத்தின் பெரிய மரபுகளில் ஒன்று நம் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளில் நிறையப் பேர் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மஸ்கண்டா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், டாக்ஸியில் ஓடும் ஜூலு கிட்டார்ப் பாட்டு. இசைக்காரர் என்று பொருள்படும் ஆஃப்ரிகான்ஸ் சொல்லிலிருந்து வந்த பெயர். கிராமத்திலிருந்து டர்பனுக்கு வேலை தேடி வந்தவர்கள் நடந்துகொண்டே வாசித்த இசை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் முக்கால்வாசி வேலையைச் செய்யும். முதல் கம்பியை ஒரு முழு ஸ்வரம் இறக்கிக் கட்டுவார்கள். பாட்டு தொடங்குவதற்கு முன் தாளக்கட்டில்லாமல் கம்பிகள் மேல் ஒரு ஓட்டம் ஓடுவார்கள், அதற்கு இஸிஹ்லாபோ என்று பெயர். நம் ஆலாபனையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகவே இருக்காது. இந்த விரல் மீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் உகுபிகா. அதைப் பரப்பிய பெருமையை எல்லோரும் ஜான் பெங்குவுக்குத்தான் கொடுப்பார்கள். 1930இல் பிறந்து, டர்பன் தெருக்களில் வாசித்து, 1950களில் இசைத்தட்டுக்கு வந்தவர். மக்கள் அவருக்கு வைத்த பெயர் ஃபுஸுஷுகேலா, தமிழில் சொன்னால் "சர்க்கரை குடி".

அதே காலத்தில் இந்த ஊரில் கேலோ என்ற இசைத்தட்டுக் கம்பெனி மலிவான கிட்டார்கள் செய்தது. கேலோடோன் என்று பெயர். பலகை வெடிக்காது என்று உள்ளே ஒரு லேபிளில் உத்தரவாதமே ஒட்டியிருக்கும். அதில் ஒன்று கடல் தாண்டிப் போய் லிவர்பூலில் ஜான் லென்னன் என்ற பையன் கைக்குச் சேர்ந்தது. 1957 ஜூலையில், பின்னாளில் பீட்டில்ஸ் குழுவில் தன்னோடு பாடப்போகும் பால் மெக்கார்ட்னியை முதலில் சந்தித்த அன்று அவர் வாசித்தது அந்தக் கிட்டார்தான். டர்பன் மரப்பெட்டிக்கு அப்படி ஒரு பெருமை உண்டு என்று மகனிடம் சொல்லுங்கள், சிரிப்பான்.

அவன் நேரில் போய்க் கேட்டே ஆகவேண்டிய ஆள் மடாலா குனேனே. 1951இல் கேட்டோ மேனரில் பிறந்தவர், என் ஆயா காய்கறி விளைத்த அதே மண். ஏழு வயதில் எண்ணெய் டின்னில் மீன்பிடிக் கம்பி கட்டித் தானே செய்த கிட்டாரோடு கடற்கரையில் வாசிக்கத் தொடங்கியவர். பிறகு வெள்ளையர் அரசு கேட்டோ மேனரைக் காலி செய்தது. ஜூலு மக்கள் குவாமாஷுவுக்குப் போனார்கள், நம்மவர்கள் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தார்கள். அந்த இடத்துக்கு, அவர்களுக்கும் நம்மவர்களுக்கும் இடையே நடந்த 1949 கலவரத்தின் கசப்பும் உண்டு. என் ஆயா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஆனால் அவர்கள் வாசித்த இசையும் நாம் பாடிய பஜனையும் ஒரே சரிவில் மேலும் கீழுமாக ஒலித்தவை. மடாலா குனேனே ஒரே ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அதிலேயே இருப்பார், அவசரமே கிடையாது. வேகம்தான் திறமை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

நம் பக்கத்திலிருந்தும் அவனுக்குச் சீர் உண்டு. ஃபிங்கர்ஸ்டைல்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரு ட்யூனிங்கை டாட்காட் என்பார்கள். தடித்த கம்பியிலிருந்து டி, ஏ, டி, ஜி, ஏ, டி. இதை நம் கணக்கில் சொல்லிப் பாருங்கள்: ச, ப, ச, ம, ப, ச. தம்பூராவே கிட்டாருக்குள் இறங்கின மாதிரி. கோயிலில் தேவாரம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த ட்யூனிங்கில் மோகனமோ சுத்தசாவேரியோ விரலுக்குத் தானாக வரும். கமகத்துக்கு மட்டும் உழைக்க வேண்டும். கழுத்தில் குறுக்குக் கம்பிகள் (ஃப்ரெட்) வைத்த கருவியில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால்தான் ஸ்வரம் வளையும், அக்கூஸ்டிக் கம்பியோ தடிமன். ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்கிறார். அவர் இழுப்பைக் கவனித்துக் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் காவடி. தைப்பூசத்தன்று காவடியோடு நடக்கும்போது அடிக்கும் மேளத்தின் நடையைக் கட்டைவிரலுக்குக் கொடுத்து, மேலே காவடிச் சிந்தை விரல்களில் வைத்து, நடுவில் மஸ்கண்டா ஓட்டத்தைச் சேர்த்தால் அதை வாசிக்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் எங்கே இருப்பான்? இங்கே மட்டும்தான்.

இது வெறும் ஆசையில்லை, இந்த நாட்டில் நின்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் நின்றார்கள். கேப் டவுனில் டெரெக் கிரிப்பர் சாஸ்திரீய கிட்டார் படித்தவர். மாலி நாட்டின் 21 கம்பி கோரா இசையை ஆறு கம்பிக்குக் கொண்டுவந்து 2012இல் வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் வெளிநாட்டு அரங்குகள் அவரைத் தேடி வந்தன. நம் மாகாணத்துக்காரர் கை பட்டரி 2018இல் ஸ்டாண்டர்ட் பேங்க் இளம் கலைஞர் விருதை இசைக்காக வாங்கினார். அவர் கரும்புத் தோட்டத்தையே ஓர் ஆல்பத்தின் பெயரில் வைத்தவர். பிறகு குர்கானுக்குப் போய் சாரங்கி, தபலா கலைஞர்களோடும் பதிவு செய்தார். இவர்களுக்கு ஒரு தலைமுறை முன்னால் டோனி காக்ஸும் ஸ்டீவ் நியூமனும் இந்த நாட்டு ரோடுகளில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் பாதை போட்டார்கள். நியூமன் 1980களின் கடைசியில் மொசாம்பிக் பாஸ் கிட்டார் கலைஞர் கிட்டோ பலோயையும் சேர்த்து டனானாஸ் என்ற மூவர் குழு நடத்தியவர். ஒருவர் வாசிப்பு இன்னொருவர் மாதிரி இல்லை, அதுதான் அவர்கள் பிழைப்பு. கரும்புத் தோட்டம் என்று பெயர் வைக்க நமக்குத்தானே முதல் உரிமை என்று எனக்கு ஒரு செல்லப் பொறாமைகூட உண்டு. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்கள் போனது அந்தத் தோட்டத்துக்குத்தான்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம், நீங்கள் கேட்டது அதைத்தானே.

மாதா மாதம் நிச்சயமாக வருவது பாடம் சொல்லிக் கொடுப்பதில்தான். என் வருமானத்தில் பாதி இன்றும் அதுதான். வாரத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் நிலையாக இருந்தால் வாடகைக்கும் மளிகைக்கும் பயப்பட வேண்டாம். இதைத் தோற்றவன் வேலை என்று நினைக்காமல் செய்ய வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கட்டைவிரலைத் தனியாகப் பிரித்து நடக்கவைக்கக் கற்றுக்கொடுக்கும்போதுதான் என் கட்டைவிரலே எனக்குச் சரியாகப் புரிந்தது. டிசம்பரில் பிள்ளைகள் லீவில் போய்விடுவார்கள், ஜனவரியில் பள்ளிக்கூடச் செலவு என்று பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். அந்த இரண்டு மாதத்துக்கு முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

ஹோட்டல், கல்யாண வரவேற்பு, உம்ஹ்லாங்கா பக்கம் நடக்கும் கம்பெனி விருந்துகள் இவை அடுத்தது. ஆட்கள் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது ஓரமாக உட்கார்ந்து வாசிப்பது. பணம் நல்ல பணம். மனசுக்குத்தான் கஷ்டம், இரண்டு மணி நேரம் வாசித்தும் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காத இரவுகள் வரும். இதில் நான் அடிபட்ட கதை ஒன்று உண்டு. ஒரு பெரிய கல்யாணத்துக்கு வாய்ப்பேச்சை நம்பிப் போனேன். சவுண்ட் செட்டும் என்னுடையது. ராத்திரி ஒரு மணிக்கு எல்லாம் மூட்டை கட்டியபோது கணக்குப் பார்க்க ஒருவரும் இல்லை. மூன்று மாதம் நடந்து, பாதிதான் வாங்கினேன். அதற்குப் பிறகு பாதி முன்பணம், ஒரு பக்கக் கடிதத்தில் இரண்டு பேர் கையெழுத்து, இது இல்லாமல் காரில் கிட்டாரை ஏற்றுவதில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அதேதான். அங்கேதான் இன்னும் அதிகம் தேவை.

எனக்கு மிகவும் பிடித்தது வீட்டுக் கச்சேரி. ஒருவர் வீட்டு வரவேற்பறையில் 30 நாற்காலி, ஆளுக்கு 150 ராண்ட் என்றால் 4,500 ராண்ட். மைக்கே வேண்டாம். வந்தவர்கள் கேட்பதற்காகவே வந்தவர்கள். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் பேண்டுகள் எல்லாம் ஜெனரேட்டருக்கு அலைந்தபோது நாங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசித்தோம். அந்த வருடம்தான் எனக்கு வீட்டுக் கச்சேரி அதிகம் கிடைத்தது. டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், அப்புறம் என்3 சாலையில் 570 கிலோமீட்டர் போய் ஜோஹன்னஸ்பர்க், நடுவில் டிரேக்கன்ஸ்பர்க் பக்கம் ஒரு இரவு என்று நான்கு வீடுகளைக் கோத்துக்கொண்டால் பெட்ரோல் போகக் கையில் ஏதோ நிற்கும். முகவரி கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அடுத்த வருடத்து ரசிகர்கள். அந்தப் பெயர்ப் பட்டியலைப் பொன் மாதிரி காக்கச் சொல்லுங்கள்.

பெரிய மேடைகளும் இருக்கின்றன. ஈஸ்டர் சமயத்தில் அண்டர்பர்க் மலையடிவாரத்தில் 1990இலிருந்து நடக்கும் ஸ்ப்ளாஷி ஃபென், குளிர்காலத்தில் மகாண்டாவில் நடக்கும் தேசியக் கலை விழா. ஹவர்ட் காலேஜ் வளாகத்தில் க்வாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் மையம் நடத்தும் புதன்கிழமை மாலைக் கச்சேரிகளுக்கு அவன் கேட்கவாவது போயே ஆக வேண்டும். விழாக்களில் பேர் கிடைக்கும், வாடகைப் பணம் கிடைப்பது அபூர்வம். மகாண்டாவில் சொந்தமாக அரங்கு எடுத்து வாசித்தால் டிக்கெட் விற்றதற்குமேல் செலவு ஏறிவிடும், கணக்குப் போட்டுவிட்டுப் போகட்டும்.

இணையத்தில் பாட்டு ஓடிக் காசு வருவதைப் பற்றி அவனுக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருக்கலாம். ஆயிரம் தடவை ஓடினால் எனக்கு வருவது ஒரு கால் பனி சௌ (ரொட்டிக்குள் கறி நிரப்பிய நம் ஊர்ச் சாப்பாடு) வாங்கும் காசு. அதே ஆல்பத்தை பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் ரசிகர்களுக்கு நேராக விற்றால் டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் 15 சதவீதம்தான் எடுக்கிறார்கள். பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி நமக்கு. கச்சேரி முடிந்ததும் மேஜையில் வைத்து சிடியை நான் இன்னும் விற்கிறேன், நம் ஊர் அத்தைமார்கள் காரில் போட்டுக் கேட்க வாங்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து பேபாலில் வரும் பணத்தை இங்கே எஃப்என்பி வங்கி வழியாகத்தான் எடுக்க முடியும், அந்த ஏற்பாட்டை முதலிலேயே செய்துகொள்ளட்டும்.

இளையராஜா பாட்டையும் ரஹ்மான் பாட்டையும் கிட்டாரில் வாசித்துப் போட்டால் பார்வைகள் குவியும். என் மாணவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன், அதில் தப்பில்லை. ஆனால் அந்த வீடியோவில் வரும் விளம்பரக் காசு பாட்டின் உரிமையாளருக்குப் போகும். பார்த்தவர்கள் தேடுவதும் அடுத்த சினிமாப் பாட்டைத்தான், உங்கள் மகனின் சொந்த மெட்டை இல்லை. மாதத்துக்கு ஒன்று சினிமா, இரண்டு சொந்தம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் நல்லது.

சொந்த மெட்டு என்றதும் சொல்ல வேண்டியது உரிமைப் பதிவு. நான் செய்த பெரிய முட்டாள்தனம் இதில்தான். முதல் ஆறு வருடம் எந்த மெட்டையும் என் பெயரில் பதிவு செய்யவில்லை. ரேடியோவில் பேச்சுக்குப் பின்னணியாக என் வாசிப்பு ஓடியதை நானே காரில் கேட்டிருக்கிறேன். சந்தோஷப்பட்டேன், ஒரு சென்ட் வரவில்லை, யார் பெயரில் வரும்? 1961இலிருந்து இருக்கும் சாம்ரோ என்ற அமைப்பு, மெட்டமைத்தவருக்குப் பொதுவில் வாசிப்பதற்கும் ஒலிபரப்புக்கும் உள்ள பங்கை வாங்கித் தரும். அதில் உறுப்பினராகி, ஒவ்வொரு மெட்டையும் பதிவு செய்து, கச்சேரி முடிந்ததும் வாசித்த மெட்டுகளின் பட்டியலை அனுப்ப வேண்டும். மெட்டைப் பிரதி எடுப்பதற்கும் டவுன்லோடு, ஸ்ட்ரீமிங்குக்கும் உள்ள பங்கு காபாஸோ என்ற அமைப்பு வழியாக. பதிவு செய்த ஒலி கடையிலோ ரேடியோவிலோ ஓடுவதற்கான பங்கு சாம்ப்ரா என்ற அமைப்பு வழியாக. ஒவ்வொரு டிராக்குக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற அடையாள எண் வேண்டும், அதை இசைத்தட்டுத் துறையின் சங்கமான ரைசாவிடம் வாங்கலாம். கேட்கவே சோம்பலாக இருக்கும் வேலை. ஒரு சனிக்கிழமை முழுதாக உட்கார்ந்தால் விண்ணப்பங்களை முடித்துவிடலாம். இந்த நாட்டுச் சட்டப்படி மெட்டின் உரிமை அதை அமைத்தவர் இறந்து 50 வருடம் வரை நிற்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய சொத்து அது. வருமான வரியும் அப்படித்தான், சம்பளக்காரன் இல்லையென்றால் ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் முன்கூட்டியே கட்ட வேண்டும். வரும் ஒவ்வொரு ராண்டிலும் ஒரு பகுதியை வேறு கணக்கில் போட்டுத் தொடாமல் இருக்கப் பழகட்டும்.

இன்னொன்று, நீங்கள் அம்மா என்பதால் முக்கியமாகச் சொல்கிறேன்: அவன் கை. வேலை முடிந்து வந்து ராத்திரி பன்னிரண்டு மணி வரை வாசிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பகல் முழுக்கக் கம்ப்யூட்டர் தட்டிய கை அது. மணிக்கட்டில் வலி, காலையில் விரல் மரத்துப்போவது ஏதாவது உண்டா என்று கேளுங்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். வலித்தால் அன்று நிறுத்த வேண்டும், வலியைத் தாண்டி வாசிப்பது வீரம் இல்லை. அமெரிக்காவில் பில்லி மக்லாஃப்லின் என்ற ஃபிங்கர்ஸ்டைல் கலைஞருக்கு ஃபோகல் டிஸ்டோனியா வந்து இடது கை விரல்கள் சொன்னபடி கேட்காமல் சுருண்டுகொண்டன. நரம்புக் கோளாறு அது. அவர் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, எல்லாவற்றையும் மறு கையில் முதலிலிருந்து கற்றுக்கொண்டு மேடைக்கு வந்தார். எல்லோருக்கும் அப்படி வந்துவிடாது. ஆனால் இந்தத் தொழிலில் முதலீடு என்றால் அந்தப் பத்து விரல்தான். மருத்துவக் காப்பீடு கம்பெனி வேலையோடு போய்விடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வலது கை நகம் ஸ்டீல் கம்பியில் அடிக்கடி உடையும், அதற்கு நெயில் பாரில் அக்ரிலிக் நகம் வைத்துக்கொள்வார்கள். மகன் அங்கே போய் உட்கார்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள், நானும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போகிறேன்.

வேலையை விடுவதைப் பற்றி: இப்போது வேண்டாம். ஒன்றரை வருடம் வேலையிலேயே இருந்துகொண்டு சனிக்கிழமைகளில் ஆறு மாணவர்கள், இரண்டு மாதத்துக்கு ஒரு வீட்டுக் கச்சேரி, நாற்பது நிமிடத்துக்குச் சொந்த மெட்டுகள், முறையாகப் பதிவான ஓர் ஆல்பம். இவ்வளவையும் வேலையோடு சேர்த்துச் செய்து காட்டினான் என்றால் விட்டுவிடச் சொல்லுங்கள், நீங்களே தைரியமாகச் சொல்லலாம். அதோடு ஆறு மாதச் செலவுக்கான பணம் அவன் கணக்கில் இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் இல்லை, அவன் கணக்கில். கம்பெனியில் பாதி நாள் வேலை கேட்டுப் பார்க்கலாம் என்றால் அதுவும் நல்லதே. நான் முதல் நான்கு வருடம் காலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் நின்றேன், சாயங்காலம் வாசித்தேன். அந்த நான்கு வருடத்தில்தான் என் மெட்டுகளில் பாதி உருவாகின.

கிட்டார் வாங்கிக் கொடுங்கள் அக்கா, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சேமிப்பு முழுவதையும் போடாதீர்கள். கேப் பக்கம் மெய்ங்கார்ட், காஸிமி போன்றவர்கள் கையால் செய்யும் கிட்டார்கள் உலகத்தரம், விலையும் அப்படித்தான். அது அவனே சம்பாதித்து வாங்க வேண்டியது. இப்போதைக்கு மேற்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரமாக இருக்கும் நடுத்தரக் கிட்டார், உள்ளே ஒலியை ஸ்பீக்கருக்கு எடுத்துக்கொடுக்கும் ஒரு நல்ல பிக்கப், கெட்டியான பெட்டி, இவ்வளவு போதும். கடைக்கு அவனையும் கூட்டிப் போங்கள், அரைமணி நேரமாவது வாசித்துப் பார்க்கட்டும். ஃபிங்கர்ஸ்டைலுக்குக் கழுத்து கொஞ்சம் அகலமாக இருந்தால் விரலுக்கு இடம் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 15 சதவீத வாட் வரியும் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியபின் பார்த்துக்கொள்வதும் இருக்கிறது. கிட்டார் மரத்துக்குப் பிடித்த ஈரப்பதம் 45இலிருந்து 55 சதவீதம். டர்பன் கோடையில் அது 80ஐச் சாதாரணமாகத் தொடும், பலகை ஊதிக் கம்பி உயர்ந்துவிடும். அதே கிட்டாரை ஜூலையில் ஜோஹன்னஸ்பர்க்குக் கொண்டுபோனால் அந்த வறண்ட குளிரில் மரம் சுருங்கி வெடிக்கும். என் முதல் நல்ல கிட்டார் அப்படித்தான் போனது, வெடித்த சத்தம் ராத்திரி எனக்கே கேட்டது. பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வையுங்கள், அங்கே போகும்போது ஒலித்துளைக்குள் ஈரப்பஞ்சுக் குழாய் ஒன்று. இங்கே வீட்டில் இருக்கும்போது, வாசித்து முடித்ததும் கம்பிகளை அடியும் மேலுமாகப் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டுப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர்க் காற்றில் கடல் உப்பு இருக்கிறது, துடைக்காத கம்பி இரண்டு வாரத்தில் துருப்பிடித்து விரலைக் கிழிக்கும்.